குரோம் டேங்க் வேலை, மூக்குல ரத்தம், ஜீன் டெஸ்ட்: கோவை சகோதரிக்கு என் பதில்

கோவையில இருந்து ஒரு சகோதரி நீளமா எழுதியிருக்காங்க, பேரு வேண்டாம்னு கேட்டதால போடல. விஷயம் இதுதான். அவங்க வீட்டுக்காரருக்கு 34 வயசு, 11 வருஷமா ஹார்ட் குரோம் பிளேட்டிங் கம்பெனியில வேலை, ஹைட்ராலிக் ராடுக்கு குரோம் ஏத்துற டேங்க் பக்கத்துலயே ஷிஃப்ட் முழுக்க நிக்கிறார். ஆறு மாசமா காலையில மூக்கு சிந்தினா ரத்தம் வருது, உள்ள பொருக்கு பொருக்கா கட்டுது. அவங்க ஏதோ வீடியோல "குரோமியம் மனுஷ செல்லுக்குள்ள போய் ஜீனையே உடைச்சிடும்"னு பார்த்திருக்காங்க, அன்னைல இருந்து தூக்கம் இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம், இப்பதான் குழந்தைக்கு யோசிக்கிறாங்க. கேக்குறது என்னன்னா, ஜீன் டெஸ்ட் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமா, பொறக்கப்போற குழந்தைக்கு இது வருமா, வீட்ல இருக்குற எவர்சில்வர் பாத்திரத்தை எல்லாம் தூக்கிப் போடணுமா, மாமியார் சுகருக்கு சாப்பிடுற மாத்திரையில குரோமியம்னு போட்டிருக்கே அது சரியா, வேலையை விடச் சொல்லவா. வீட்டு லோன் இருக்குன்னும் ஒரு வரி எழுதியிருக்காங்க.

சகோதரி, நீங்க கடைசியா போகிறபோக்குல எழுதுன மூக்கு விஷயத்தைத்தான் நான் முதல்ல எடுக்கப்போறேன், ஏன்னா உங்க லெட்டர்ல உடனே பண்ண வேண்டிய வேலை அது ஒண்ணுதான், ஜீன் எல்லாம் அப்புறம். குரோமிக் ஆசிட் ஆவி தொடர்ந்து மூக்குல பட்டா ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற தடுப்புல புண்ணு வரும், அது பெருசா வலிக்காது, அதனாலதான் ஆம்பளைங்க மாசக்கணக்கா கண்டுக்காம விட்டுடுவாங்க, விட்டா அந்த தடுப்புலயே ஓட்டை விழுந்துடும், மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேக்கும். இந்த வாரமே ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, "சளி, ரத்தம் வருது"னு மட்டும் சொல்லாதீங்க, "11 வருஷமா குரோம் பிளேட்டிங் டேங்க்ல வேலை"ங்கிறதை முதல் வரியா சொல்லுங்க. அதை சொல்லலன்னா ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்து அனுப்பிடுவாங்க.

அந்தப் புண்ணு கேன்சர் இல்ல, அதை நினைச்சு பயப்படாதீங்க. ஆனா அது ஒரு அளவுகோல். 1983-ல ஸ்வீடன்ல பிளேட்டிங் தொழிலாளிங்களை வெச்சு பண்ண ஆய்வுல, காத்துல குரோமியம் சராசரியா ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டுன இடங்கள்ல மூக்கு எரிச்சல் ஆரம்பிச்சுது, டேங்க் பக்கத்துல திடீர் திடீர்னு 20 மைக்ரோகிராம், அதுக்கும் மேல போற இடங்கள்ல புண்ணும் ஓட்டையும் வந்துச்சு. அதனால உங்க வீட்டுக்காரர் மூக்குல இருக்குறது குரோம் புண்ணுதான்னு டாக்டர் உறுதி பண்ணிட்டா, அந்த கம்பெனி காத்து சரியில்லைனு எந்த மீட்டரும் இல்லாமலே தெரிஞ்சுபோச்சு.

இப்ப அந்த வீடியோ சொன்னதுக்கு வர்றேன். பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. குரோமியம்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் அது பல உருவத்துல இருக்கு, உலோகமா இருக்குறது ஒண்ணு, மூணு சார்ஜ் இருக்குற ட்ரைவேலன்ட் ஒண்ணு, ஆறு இருக்குற ஹெக்ஸாவேலன்ட் ஒண்ணு, பிளேட்டிங்காரங்க சுருக்கமா குரோம் த்ரீ, குரோம் சிக்ஸ்னு சொல்வாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி 1990-லயே குரோம் சிக்ஸ் சேர்மங்களை மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல வெச்சுது, அதே சமயம் குரோம் த்ரீயையும் உலோக குரோமியத்தையும் அப்படி வகைப்படுத்த முடியாதுன்னு மூணாவது பட்டியல்ல வெச்சுது. பேரு ஒண்ணு, நடத்தை வேற. அதனால "குரோமியம் ஆபத்தா"னு கேட்டா பதிலே சொல்ல முடியாது, எந்த குரோமியம், எந்த வழியா உடம்புக்குள்ள போகுதுன்னு கேட்டாத்தான் சொல்ல முடியும்.

ஏன் இந்த வித்தியாசம்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், இது புரிஞ்சா உங்க மத்த கேள்வியில பாதிக்கு பதில் வந்துடும். நம்ம செல்லுக்கு சல்பேட் வேணும், அதுக்குன்னு செல்லோட வெளித்தோல்ல கதவு மாதிரி வழி வெச்சிருக்கு. குரோம் சிக்ஸ் தண்ணியில குரோமேட்டா இருக்கும்போது பார்க்க அப்படியே சல்பேட் மாதிரி இருக்கும், நடுவுல ஒரு அணு, சுத்தி நாலு ஆக்ஸிஜன், கதவுக்கு ஆள் அடையாளம் தெரியல, உள்ள விட்டுடுது. குரோம் த்ரீக்கு அந்த உருவம் இல்ல, அது வெளியவே நிக்கும், ரொம்பக் கொஞ்சம்தான் நுழையும். சரி உள்ள போன குரோம் சிக்ஸ் நேரா டிஎன்ஏவை கடிக்குதான்னா அதுவும் இல்ல. உள்ள இருக்குற விட்டமின் சியும் குளுட்டாதயோனும் அதைப் பிடிச்சு படிப்படியா குரோம் த்ரீயா மாத்துது. உங்க வீட்டுக்காரரை கேளுங்க, அவங்க கம்பெனி கழிவுத்தண்ணியில மெட்டாபைசல்பைட்ங்கிற உப்பைக் கொட்டி மஞ்சள் தண்ணியை பச்சையா மாத்துவாங்க, அதே வேலைதான். ஆனா கழிவுத்தண்ணி தொட்டியில நடந்தா அது சுத்திகரிப்பு, செல்லுக்குள்ள நடந்தா அதுதான் கேடு, ஏன்னா உள்ளயே உருவான குரோம் த்ரீக்கு இனி வெளிய போற கதவு இல்ல, அது டிஎன்ஏவோட முதுகெலும்புல இருக்குற பாஸ்பேட்ல போய் ஒட்டிக்குது, கூடவே ஒரு விட்டமின் சி மூலக்கூறையோ ஒரு புரோட்டீன் துண்டையோ இழுத்து ஒட்ட வெச்சுக்குது.

அப்புறம் நடக்குறதுதான் எனக்கு இத்தனை வருஷம் கழிச்சும் வியப்பா இருக்குற இடம். செல்லு பிரியுறதுக்கு முன்னாடி டிஎன்ஏவை காப்பி எடுக்கும், காப்பியில எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்து வெட்டி சரி பண்ற ஒரு ரிப்பேர் கூட்டமே உள்ள இருக்கு. குரோம் ஒட்டுன இடத்தை அந்தக் கூட்டம் எழுத்துப்பிழைனு நினைச்சு வெட்டப் போகுது, வெட்டுன இடம் சரியா மூடாம டிஎன்ஏவோட ரெண்டு இழையும் சேர்ந்தே அறுந்துபோகுது. காப்பாத்த வந்தவனாலயே சேதம். 2007-ல வந்த ஒரு ஆய்வுல மனுஷ நுரையீரல் செல்லுகளை வெச்சு இதைக் காட்டுனாங்க, அதுல இன்னொரு முக்கியமான விஷயமும் இருந்துச்சு, லேப்ல தட்டுல வளர்க்குற செல்லுக்கு விட்டமின் சி கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, உடம்புல இருக்குற அளவுக்கு அதை சேர்த்துட்டு அதே குரோமேட்டை விட்டா உடையுறது ரொம்ப கூடுச்சு. அதாவது அதுக்கு முன்னாடி பல லேப்ல பண்ண பரிசோதனை எல்லாம் ஆபத்தை கம்மியாத்தான் காட்டியிருக்கு. ஜப்பான்ல குரோமேட் தொழிற்சாலையில வேலை பார்த்து நுரையீரல் கேன்சர் வந்தவங்களோட கட்டியை ஆராய்ஞ்சப்ப அதுல இந்த ரிப்பேர் கூட்டமே செயலிழந்து போனதோட அடையாளம் நிறைய பேர்கிட்ட இருந்துச்சு, ரிப்பேர் கூட்டம் இல்லாத செல்லு குரோம்ல சாகாது, பிழையோட பிழைச்சு பெருகும், கேன்சருக்கு அதுதான் வேணும்.

இதுல இருந்து ஒரு கேள்வி வரும், அப்ப விட்டமின் சி மாத்திரை போட்டா நல்லதா கெட்டதான்னு. செல்லுக்கு வெளிய, வயித்துல, எச்சில்ல, நுரையீரல் ஈரத்துல குரோம் சிக்ஸ் மாறிட்டா அது பாதுகாப்பு, உள்ள போனபிறகு மாறுனா சேதம். ரெண்டு பக்கமும் வேலை செய்யுற பொருளை கவசம்னு நம்பி மாத்திரையா முழுங்குறதுல அர்த்தம் இல்ல. நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு சாதாரணமா சாப்பிடட்டும். கம்பெனியில தினமும் பாலும் வாழைப்பழமும் தர்றாங்க, அது விஷத்தை முறிச்சிடும்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. பால் பழம் உடம்புக்கு நல்லது, வாங்கி சாப்பிடட்டும், ஆனா மூச்சுக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல படிஞ்ச குரோமை பாலும் தொடாது வாழைப்பழமும் தொடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேர் பண்ற காசுக்கு பதிலா பழம் குடுத்தா அதை நான் ஏத்துக்க மாட்டேன்.

மத்த உலோகங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா பிளேட்டிங் கம்பெனியில குரோம் மட்டும் இருக்காது. ஒவ்வொண்ணும் வேற வேற வழியில கெடுக்கும். ஆர்செனிக்கும் காட்மியமும் டிஎன்ஏவை நேரா தாக்குறதை விட ரிப்பேர் பண்ற புரோட்டீன்களை முடக்கிப் போடும், காட்மியம் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்துல போய் உக்காந்துக்கும். நிக்கல் துகளை செல்லே விழுங்கும், அது எழுத்தை மாத்தாது, ஆனா நல்ல ஜீன்களை பூட்டுப் போட்டு பேசவிடாம பண்ணிடும். நிக்கல் சேர்மங்களும் ஐஏஆர்சியோட முதல் பட்டியல்லதான் இருக்கு. அவர் நிற்கிற ஹால்ல நிக்கல் டேங்கும் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

ஜீன் டெஸ்ட்டுக்கு வர்றேன். ஏதோ லேப்ல பெரிய தொகை சொல்லியிருக்காங்க, கடன் வாங்கியாவது எடுத்துடலாமானு கேட்டிருக்கீங்க. எடுக்காதீங்க. இதை நான் லேசா சொல்லல, இந்த டெஸ்ட் பண்றதே என் வேலையா இருந்துச்சு, இருபது வருஷத்துக்கு மேல மைக்ரோஸ்கோப்புல செல்லை எண்ணியிருக்கேன், அதனாலதான் சொல்றேன்.

என்ன பண்ணுவோம்னா, ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்களை எடுப்போம். ஒரு முறையில அதை ஜெல்லுல பதிச்சு, செல்லோட தோலை கரைச்சு, கரண்ட் விடுவோம், டிஎன்ஏ உடையாம இருந்தா உருண்டையா நிக்கும், உடைஞ்சிருந்தா துண்டெல்லாம் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய் வால்நட்சத்திரம் மாதிரி தெரியும், அதனாலதான் அதுக்கு காமெட் டெஸ்ட்னு பேரு. இன்னொண்ணு மைக்ரோநியூக்ளியஸ், செல்லு பிரியும்போது உடைஞ்ச குரோமோசோம் துண்டு எந்தப் பக்கமும் போய்ச் சேர முடியாம தனியா குட்டி உருண்டையா நிக்கும், ஆயிரம் செல்லுக்கு எத்தனைனு எண்ணுவோம். ஹைதராபாத்ல வெல்டிங் தொழிலாளிங்களுக்கு ரெண்டும் பண்ணி 2004-ல வெளியிட்டாங்க, மத்தவங்களை விட சேதம் கூட இருந்துச்சு, நம்ம வட ஆற்காடு பக்கம் தோல் பதனிடுற தொழிலாளிங்ககிட்டயும் குரோமோசோம் மாறுதல் கூடுதலா இருந்ததா 2010-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2007-ல 10 நாட்டுல 6,718 பேரோட பழைய மைக்ரோநியூக்ளியஸ் கணக்கை எடுத்துப் பார்த்தப்ப, எண்ணிக்கை அதிகமா இருந்த கூட்டத்துக்கு பின்னாடி கேன்சர் வந்ததும் அதிகம்னு தெரிஞ்சுது. அப்ப டெஸ்ட் பலமான டெஸ்ட்தானேன்னு கேப்பீங்க. ஆமா, கூட்டத்துக்கு. ஐம்பது பிளேட்டிங் தொழிலாளி, ஐம்பது ஆபீஸ் வேலைக்காரங்கன்னு வெச்சு ஒப்பிட்டா அந்த பட்டறை காத்து எப்படினு அழகா சொல்லும். ஆனா ஒருத்தரை தனியா உக்கார வெச்சு உனக்கு வரும், வராதுன்னு சொல்லவே சொல்லாது. ஆரோக்கியமான ஆளுக்கும் இந்த குட்டி உருண்டை இருக்கும், வயசாக ஆகக் கூடும், பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட கொஞ்சம் கூட இருக்கும், சிகரெட், எக்ஸ்ரே, சாப்பாடு எல்லாம் மாத்தும். அதுபோக நாம பார்க்குறது ரத்த செல்லை, குரோம் போய் படியுறது நுரையீரல்ல.

பல வருஷம் முன்னாடி ஒரு ஆய்வுக்காக ரத்தம் எடுத்தப்ப ஒரு பிளேட்டிங் தொழிலாளி லேபுக்கே வந்து "சார், இதுல என் ஸ்லைடு எது, எனக்கு எத்தனை"னு கேட்டார். சொல்லக்கூடாதுன்னு விதி, நான் இரக்கப்பட்டு நம்பரை சொல்லிட்டேன், கூட்டத்துல அவரோடது கொஞ்சம் அதிகம். அந்த மனுஷன் அடுத்த ஒரு வருஷம் ஸ்கேன் ஸ்கேனா எடுத்து, வீட்டுல நகையை அடகு வெச்சு, கடைசியில எதுவும் இல்லைனு ஆச்சு. அந்த ஒரு வருஷமும் அவர் டேங்க் மேல இருந்த எக்ஸாஸ்ட் ஓடவே இல்ல. அந்த நம்பரை நான் சொன்னது தப்பு, அந்த எக்ஸாஸ்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம விட்டது அதை விடப் பெரிய தப்பு. அதனாலதான் உங்க காசு ரத்தத்தை சோதிக்கப் போகக்கூடாது, முதல்ல காத்தை சோதிக்கணும், அதுவும் உங்க காசு இல்ல, கம்பெனி காசு.

குழந்தை விஷயம். இதுதான் உங்க மனசை அரிக்குதுன்னு தெரியுது. ரத்தத்துலயும் நுரையீரல்லயும் இருக்குற செல்லுல டிஎன்ஏ உடைஞ்சா அது குழந்தைக்குப் போகாது, அந்த சேதம் அவர் உடம்போட நின்னுடும். குழந்தைக்குப் போறது விந்தணுவும் கருமுட்டையும் கொண்டு போற டிஎன்ஏ மட்டும்தான். எலிகளுக்கு அதிக அளவுல குரோம் சிக்ஸ் குடுத்தா விந்தணு உற்பத்தி பாதிக்குது, அது உண்மை. ஆனா அப்பா குரோம் வேலை பார்த்ததால பிள்ளைக்கு பரம்பரை நோய் வந்துச்சுன்னு மனுஷங்ககிட்ட நிரூபணமானது எதுவும் இல்ல. ஒரு ஒப்பீடு சொல்றேன், டிஎன்ஏவை உடைக்கிறதுல கதிர்வீச்சை மிஞ்ச ஆள் இல்ல, ஹிரோஷிமா நாகசாகியில குண்டுல தப்பிப் பிழைச்சவங்களுக்கு அதுக்குப் பிறகு பொறந்த பிள்ளைங்களை பல பத்து வருஷமா தொடர்ந்து பார்த்தாங்க, பரம்பரைக் கோளாறு கூடினதா கண்டுபிடிக்க முடியல. அதனால அவரால குழந்தைக்கு குறை வரும்னு நீங்களும் நினைக்காதீங்க, குடும்பத்துல வேற யாராவது பேசுனாலும் விடாதீங்க. விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள் ஆகும், அதனால பிளான் பண்றதுக்கு மூணு மாசம் முன்னாடி அவரை டேங்க்ல இருந்து வேற செக்ஷனுக்கு மாத்தி வெச்சா புதுசா உருவாகுறது சுத்தமான நாள்ல உருவாகும், அது முடிஞ்சா நல்லது, முடியலன்னா அதுக்காக குழந்தையை தள்ளிப்போட வேண்டாம்.

நான் உண்மையில கவலைப்படுறது வேற ஒண்ணுக்கு. அவர் யூனிஃபார்மை வீட்டுக்கு கொண்டு வந்து நீங்க கையால துவைக்கிறீங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க. குரோம் டேங்க்ல தொங்குற ஆனோடு ஈயம், தகரமோ ஆன்டிமணியோ கலந்த ஈயம். அதை அவர்தான் பிரஷ் போட்டு சுத்தம் பண்றாரா, வெட்டி மாத்துறாரான்னு கேளுங்க. ஆமான்னா அந்தத் தூசி துணியில, செருப்புல, முடியில வீட்டுக்கு வரும், வயித்துல இருக்குற குழந்தையோட மூளைக்கு ஈயம் செய்யுற கெடுதல்ல எந்த சந்தேகமும் இல்ல. இதுக்கு நீங்க ரெண்டு பேரும் ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாருங்க, சாதாரண டெஸ்ட், விலை அந்த ஜீன் டெஸ்ட்டுல சின்னப் பங்குதான், பதிலும் தெளிவா வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னபடி ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதுக்கு மேல இருந்தா எங்க இருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும். இன்னைல இருந்து அவர் கம்பெனியிலயே குளிச்சு துணி மாத்திட்டு வரட்டும், வேலைத் துணி வீட்டுக்கே வரக்கூடாது, வந்தே ஆகணும்னா தனி பையில வந்து தனியா, உதறாம, தண்ணியில போட்டு அவரே அலசட்டும். நீங்க கர்ப்பமானா அந்தத் துணியைத் தொடவே வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரத்தை தூக்கிப் போடாதீங்க. அதுல பொதுவா 18 சதவீதம் பக்கம் குரோமியம் இருக்கு, ஆனா உலோகமா, மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு தோல் போர்த்திட்டு. புளிக்குழம்பு ரொம்ப நேரம் இருந்தா ஏதோ துளி கரையும், அதுவும் குரோம் த்ரீதான். நிக்கல் அலர்ஜி இருக்குறவங்க மட்டும் புளிச்சதை மண்சட்டிக்கு மாத்திக்கலாம். ஆனா அதே எவர்சில்வரை வெல்டிங் பண்ணா கதை வேற, அந்த சூட்டுல குரோம் சிக்ஸ் புகையா கிளம்பும். மாமியார் மாத்திரையில இருக்குறது குரோமியம் பிக்கோலினேட், அது குரோம் த்ரீ. ஹேம்ஸ்டர் செல்லுல அதிக அளவு விட்டப்ப குரோமோசோம் உடைஞ்சதா 1995-ல ஒரு ஆய்வு வந்து பயமுறுத்துச்சு, உயிரோட இருக்குற விலங்குகள்ல அது பெரும்பாலும் நிக்கல. பயத்துக்காக நிறுத்த வேண்டாம், ஆனா சுகருக்கு அதால பெரிய பலன்னு சொல்ற அளவுக்கு ஆதாரமும் இல்ல, டாக்டர் எழுதுன மெட்ஃபார்மினை விட்டுட்டு இதை நம்பிட்டு இருந்தா அதுதான் தப்பு.

இப்ப பட்டறை. ஏன் குரோம் டேங்க்ல மட்டும் இவ்வளவு ஆவின்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும், லிட்டருக்கு கால் கிலோ அளவு குரோமிக் ஆசிட் கரைச்சு, 50 - 55 டிகிரி சூட்டுல வெச்சு கரண்ட் குடுத்தா அதுல 10, 20 சதவீதம்தான் ராடுல குரோமா ஏறுது, மீதி கரண்ட் தண்ணியை பிரிச்சு குமிழியா விடுது, குமிழி மேல வந்து வெடிக்கும்போது ஒவ்வொண்ணும் ஆசிட்டை பொடிப்பொடி துளியா தூக்கி எறியுது. அந்தத் துளிதான் மூக்குக்குப் போறது. அப்ப நிறுத்த வேண்டிய இடம் டேங்க்கோட வாய். விளிம்புலயே உறிஞ்சுற எக்ஸாஸ்ட், அது போய் சேர, ஆவியை தண்ணியில கழுவி எடுக்குற ஸ்க்ரப்பர், மேல மிதக்குற பிளாஸ்டிக் பந்து, குமிழி வெடிக்காம நுரையா அடக்குற மிஸ்ட் சப்ரசன்ட். சப்ரசன்ட் வாங்கும்போது பிஎஃப்ஓஎஸ்ங்கிற, சுற்றுச்சூழல்ல அழியாத ரசாயனம் இல்லாததா கேட்டு வாங்கச் சொல்லுங்க, அதை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தங்கிற உலக நாடுகளோட உடன்படிக்கையில 2009-லயே கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. மாஸ்க் இதெல்லாம் செஞ்சபிறகுதான். கர்ச்சீப்பும் நீல சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தத் துளியை நிறுத்தாது, பி100 ஃபில்டர் போட்ட அரை முக ரெஸ்பிரேட்டர் வேணும், தாடி இருந்தா விளிம்பு ஒட்டாது, ஷேவ் பண்ணிட்டுப் போகட்டும். சிகரெட் பிடிப்பாரானு நீங்க எழுதல, பிடிச்சா அதை விடுறதுதான் அவர் கையில இருக்குற பெரிய மருந்து.

கம்பெனிக்காரர் "நாங்க சட்டப்படி லிமிட்டுக்குள்ள இருக்கோம்"னு சொல்லலாம், உண்மையாவும் இருக்கலாம். இங்கதான் எனக்கு ஆத்திரமே. நம்ம 1948 ஃபேக்டரி சட்டத்து அட்டவணையில குரோமிக் ஆசிட், குரோமேட்டுக்கு போட்டிருந்த அளவு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். அமெரிக்காவுலயும் ரொம்ப காலம் 52-ன்னுதான் இருந்துச்சு. அங்க பால்டிமோர்ல ஒரு குரோமேட் தொழிற்சாலையோட 2,357 தொழிலாளிங்க கணக்கு மாதிரி ஆதாரங்களை எடுத்து அவங்க அரசு கணக்கு போட்டப்ப, அந்த அளவுல 45 வருஷம் வேலை பார்த்தா 1000 பேர்ல 101-ல இருந்து 351 பேர் வரைக்கும் கூடுதலா நுரையீரல் கேன்சர்ல சாவாங்கன்னு வந்துச்சு. 2006-ல அதை 5-ஆ குறைச்சாங்க, அப்பவும் 10-ல இருந்து 45 பேர்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. குரோம் நிறமி தொழிலாளியோட மூக்குல கேன்சர் வந்ததை ஸ்காட்லாந்துல 1890-லயே ஒரு டாக்டர் எழுதி வெச்சுட்டார், 130 வருஷம் தாண்டியாச்சு. அதனால லிமிட்டுக்குள்ள இருக்குங்கிற பதிலோட வீட்டுக்கு வராதீங்க, நம்பர் என்னன்னு கேக்கச் சொல்லுங்க.

வேலையை விடச் சொல்ல மாட்டேன், லோன் இருக்குற வீட்டுக்கு அது ஈஸியான வார்த்தை இல்ல. முதல்ல மூக்குப் புண்ணு ஆறுற வரைக்கும் டேங்க்ல இருந்து மெஷினிங், கிரைண்டிங், இன்ஸ்பெக்ஷன் மாதிரி செக்ஷனுக்கு மாத்தி விடச் சொல்லி டாக்டர் சீட்டோட எழுத்துல கேக்கட்டும், கிரைண்டிங்னா குரோம் ஏத்துன ராடை தூசி பறக்காம தண்ணி விட்டு வெட் கிரைண்டிங்கா பண்றாங்களான்னு மட்டும் பார்த்துக்கட்டும். குரோம் புண் கம்பெனி அரசுக்கு தெரிவிக்க வேண்டிய நோய்னு தொழிலாளர் சட்டத்துல இருக்கு, குரோமியத்தால வர்ற நோய் இஎஸ்ஐக்கான தொழில்சார் நோய் பட்டியல்லயும் இருக்கு. இஎஸ்ஐ கார்டு இருந்தா சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில காட்டி, தொழில்சார் நோய்னு பதிவு பண்ணச் சொல்லி கேளுங்க, இன்னைக்கு இருக்குற அந்த ஒரு காகிதம் இருபது வருஷம் கழிச்சு ஏதாவது வந்தா அவருக்கு சாட்சி. கம்பெனி காது குடுக்கலன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு புகார் குடுக்கலாம். ஆனா தனியா ஒருத்தரா போகாம டேங்க்ல நிக்கிற நாலு பேரும் சேர்ந்து போறது நல்லது, அவங்க மூக்கையும் கேட்டுப் பாருங்க, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வந்திருக்காது.

ஈஎன்டி பார்த்துட்டு என்ன சொன்னார்னு எழுதுங்க, ஈயம் ரிசல்ட்டையும் அனுப்புங்க. கம்பெனி காத்து சாம்பிள் ரிப்போர்ட் குடுத்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அதுல நான் பார்க்கப்போறது மூணு விஷயம், ஹெக்ஸாவேலன்ட்னு தனியா அளந்திருக்காங்களா இல்ல மொத்த குரோமியம்னு போட்டிருக்காங்களா, சாம்பிள் எடுக்குற பம்ப்பை அவர் காலர்ல மாட்டுனாங்களா இல்ல ஹால் மூலையில ஸ்டாண்டுல வெச்சாங்களா, அன்னைக்கு எத்தனை டேங்க் ஓடுச்சு.